வேப்பிலை கட்டிய மீன்தொட்டி

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கயே விட்டுடு. நீதானே காலையில போன் பண்ணது? குரலைக் கேட்டப்பவே சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன். நீ, வா, போன்னு பேசறேன்னு தப்பா எடுத்துக்காத. எனக்கு உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா, சிங்கப்பூர்ல. அவளும் இப்படித்தான், வந்ததும் வராததுமா போனைப் பாப்பா. உள்ள வை அதை.

இதோ, இதுதான் தொட்டி. கிட்ட போய்ப் பாரு, பரவாயில்ல. கண்ணாடியில ஒரு கீறல் காட்டு பாப்போம். விளக்கு, மோட்டாரு, கீழ இருக்கற ஸ்டாண்டு, உள்ள இருக்கற மணல், கல்லு எல்லாம் அதோட வரும். கடல் மீன் தொட்டிம்மா இது. தெருவுக்குத் தெரு பாட்டில்ல போட்டு விக்கறானே கோல்டு ஃபிஷ்ஷு, அது இல்ல. இது உப்புத்தண்ணி. அதுக்குன்னு தனியா உப்பு, தனியா சாப்பாடு, தனியா ஒரு ஆளு. ஒரு ஆம்பளையையே முழுசா முழுங்கிடும்.

அதுவா? வேப்பிலை. காஞ்சு போச்சு, கழட்டணும் கழட்டணும்னு விட்டுப் போச்சு. ஏன் அப்படிப் பாக்கற? மீன் தொட்டிக்கு வேப்பிலை கட்டக்கூடாதுன்னு எந்த சட்டத்துல இருக்கு?

எதுக்கு விக்கறீங்கன்னுதானே கேக்கற? கேக்கணும். கேக்காம வாங்கினா நீ ஏமாளி. உக்காரு, அந்த சேர்ல உக்காரு, ஃபேனுக்கு நேரா. எல்லாம் ஒருத்தி பண்ணின வேலைம்மா. ஒரே ஒருத்தி. என் ஓரகத்தி, எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. மங்கைன்னு பேரு. பேரைச் சொன்னாலே வாய் கசக்குது எனக்கு.

எங்க வீட்டுக்காரரு துறைமுகத்துல வேலை பாத்தவரு. முப்பது வருஷமா கடலைப் பாத்துட்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்த மனுஷன். ரிட்டயர் ஆனதும் வீட்டுல இருக்க முடியல. ஹால்ல நடப்பாரு, பால்கனிக்குப் போவாரு, திரும்ப வருவாரு. நான் ஏதாவது பேசினா காதுல விழாத மாதிரி நிப்பாரு. அப்புறம் ஒருநாள் கொளத்தூர்ல மீன் விக்கற கடைத்தெருவுக்குப் போய் இந்தத் தொட்டியைச் சொல்லிட்டு வந்துட்டாரு. என்னைக் கேக்கல. ஹால்ல எதை எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றது நான்தானே? என்னை ஒரு வார்த்தை கேக்கல.

சரி போகட்டும்னு விட்டேன். ஆனா உண்மையைச் சொல்லணும், மீனு அழகுதான். ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டு ஒரு ஜோடி இருந்துது, க்ளௌன்னு சொல்லுவாங்க. பெரிசு பொம்பளை, சிறுசு ஆம்பளை. பெரிசு எங்க போகுதோ சிறுசு பின்னாடியே போவும். அதைப் பாத்து அவரு சிரிப்பாரு. "நம்ம வீடு மாதிரியே இருக்கு பாரு தமயந்தி"ம்பாரு. மஞ்சள் மீனு ரெண்டு, கறுப்புல வெள்ளைப் பொட்டு வச்ச மாதிரி ஒண்ணு. காலையில எழுந்ததும் ஒரு சின்னக் குழாயைக் கண்ணுல வச்சுக்கிட்டு தண்ணியில உப்பு எவ்வளவு இருக்குன்னு பாப்பாரு. சாமி கும்பிடறதுக்கு முன்னாடியே அதுதான். எங்கிட்ட காபி எங்கன்னு கேக்கறதுகூட அதுக்கப்புறம்தான்.

தம்பி சிகாமணி ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருக்காரு, அகரத்துல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒட்டிப் பொறந்த மாதிரி. தம்பி வந்தா இந்த மனுஷனுக்கு வாய் வந்துடும். தொட்டிக்கு முன்னாடி சேரைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் பேசுவாங்க பேசுவாங்க, மத்தியானம் மூணு ஆவும் சாப்பிட. பக்கத்துல அவளும் ஒரு சேரைப் போட்டுக்குவா. எனக்கு அடுப்படியில வேலை இருக்கும். அவளுக்கு என்ன, புள்ளையா குட்டியா. ரெண்டு பேருக்குச் சமைச்சா ஆச்சு.

இப்ப வரேன் விஷயத்துக்கு. அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்துது. மண்டபம் வேணாம், வீட்டுலயே போதும்னாரு, தம்பி சொன்னாராம். சரின்னேன். நான் என்ன பண்ணேன், அவருக்குத் தெரியாம நானே கொளத்தூர் போய் ஒரு மீனு வாங்கினேன். நீலக் கலர், வாலு மட்டும் மஞ்சள். உள்ளங்கை அகலம். அதைப் பாத்தா கடையில நிக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க, அப்படி ஒரு நீலம். அவருக்கு நான் குடுக்கற பரிசுன்னு வாங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவருக்கு நான் எதுவும் வாங்கிக் குடுத்ததில்லைன்னு ஒரு பேச்சு உண்டு, யாரு கிளப்பினதோ.

அவரு என்ன வச்சிருப்பாருன்னா, பின்னாடி வராண்டாவுல ஒரு பிளாஸ்டிக் டப்பு. புதுசா எந்த மீனு வாங்கினாலும் நாலஞ்சு வாரம் அதுல போட்டு வச்சு, நோய் நொடி இல்லைன்னு பாத்துட்டுத்தான் ஹால் தொட்டிக்குக் கொண்டாருவாரு. நீலத்தைப் பாத்ததும் முகம் மலர்ந்துது. உண்மையாவே மலர்ந்துது, நான் பொய் சொல்லல. அடுத்த நிமிஷமே "டப்புல விடலாம் தமயந்தி, கொஞ்ச நாள் போகட்டும்"னாரு. எனக்கு வந்துது பாரு கோவம். நல்ல நாள் அதுவுமா, ஊர் உறவு கூடியிருக்கு, நான் ஆசையா வாங்கிட்டு வந்ததைக் கொண்டுபோய் துடைப்பக்கட்டை பக்கத்துல வைக்கறதா? "வீட்டுக்கு வந்தவங்களை வாசல்லயே நிக்க வைப்பாங்களா? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல"ன்னேன். ஆரத்தித் தட்டை எடுத்து தொட்டிக்கு முன்னாடி மூணு சுத்து சுத்தினேன். பையை அவிழ்த்து, அந்தத் தண்ணியோடயே ஊத்தி விட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அவரு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஃபோட்டோவுல பாக்கணும் அந்த மூஞ்சியை.

அன்னிக்கு சாயங்காலம் முழுக்க அவ அந்தத் தொட்டிக்கு முன்னாடியே நின்னா. யாரு, மங்கைதான். பந்தி பரிமாற ஆளில்ல, நான் ஒருத்தியா ஓடறேன். அவ கண்ணாடியில மூக்கை வச்சுக்கிட்டு நிக்கறா. "அக்கா, கண்ணை எடுக்கவே முடியலக்கா, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க"ன்னா. இந்த வார்த்தையை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். கண்ணை எடுக்கவே முடியல. எடுக்கல அவ.

நாலஞ்சு நாள் ஆச்சு. காலையில பாக்கறேன், நீலத்து மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. கல் உப்பை நுணுக்கித் தூவின மாதிரி. மத்தியானத்துக்குள்ள மஞ்சளுக்கும் வந்துடுச்சு. எல்லாம் போய் கல்லுல உடம்பைத் தேய்க்குது, மூச்சு வாங்குது. எனக்கு ஆச்சரியமே இல்ல. கண்ணு பட்டதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவரு கேக்கல. "இது ஒட்டுண்ணிப் பூச்சி தமயந்தி, வெள்ளைப்புள்ளின்னு சொல்றது இதைத்தான். புதுசா வந்த மீனோட வந்திருக்கும்"னாரு. பாத்தியா, எப்படி என் மேலயே திருப்பறாருன்னு? நான் வாங்கிட்டு வந்த மீனாம். கொளத்தூர்ல அத்தனை மீனோட சுத்தமா நீந்திட்டிருந்துது அது. கடைக்காரன் சத்தியம் பண்ணினான்.

நான் விடுவனா? உப்பு, மிளகா, வாசப்படி மண்ணு எல்லாம் எடுத்து தொட்டிக்குச் சுத்திப் போட்டேன். மிளகாயை அடுப்புல போட்டேன், கமறவே இல்ல, அந்த அளவுக்குத் திருஷ்டி. உப்பை எங்க போடறது? தண்ணியிலதானே கரைக்கணும். தொட்டியிலயே போட்டேன், ரெண்டு கை. எப்படியும் உப்புத்தண்ணிதானே. மறுநாள் அவரு குழாயைக் கண்ணுல வச்சுப் பாத்துட்டு, "உப்பு எப்படி இப்படி ஏறிச்சு"ன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறாரு. நான் வாயே திறக்கல.

அப்புறம் தோணிச்சு, இது வெறும் கண்ணு மட்டும் இல்ல. அம்மை. உடம்பெல்லாம் முத்து முத்தா போட்டிருந்தா அதுக்குப் பேரு என்ன? என் பொண்ணுக்கு ஆறாவது படிக்கறப்ப போட்டுது, இதே மாதிரிதான். உடனே தொட்டிக்கும் வாசலுக்கும் வேப்பிலை கட்டினேன். வீட்டுல தாளிக்கறதை நிறுத்தினேன். ரசமும் தாளிக்கல, சட்னியும் தாளிக்கல. மீனு வாங்கறதை நிறுத்தினேன், சமைக்கற மீனைச் சொல்றேன். வெளியாளை உள்ள விடல. அவரு தாளிக்காத ரசத்தை ஊத்திச் சாப்பிட்டாரு. மனசுக்குள்ள சிரிச்சிருப்பாரு. சிரிக்கட்டும்.

அவரு பாட்டுக்கு அவரு வைத்தியம். எல்லா மீனையும் வலையில பிடிச்சு பின்னாடி டப்புக்கு மாத்தினாரு. மணல் கிடையாது, கல்லு கிடையாது, மொட்டை டப்பு. அதுல நீலமா ஒரு செம்பு மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டாரு. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்துது, பாக்கவே சகிக்கல. ஒரு வாரத்துல பாரு, புள்ளி எல்லாம் உதிர்ந்து போச்சு. ஒண்ணுகூட இல்ல. அம்மா இறங்கிட்டா. நான் வேண்டிக்கிட்டது வீண் போவல.

"இறங்கலை தமயந்தி"ங்கறாரு. "உடம்பை விட்டு உதிர்ந்து அடியில போய் ஒட்டிக்கும். அங்க நூறா இருநூறா பெருகும். அப்புறம் மறுபடி மீனைத் தேடி வரும். ஒரு மாசமாவது டப்புல இருக்கணும், அதுவரைக்கும் தொட்டி காலியா கிடக்கணும்"னாரு. நல்லா இருக்கற பிள்ளையை யாராவது ஆஸ்பத்திரியிலயே வச்சிருப்பாங்களா? ஆடிக் கிருத்திகைக்கு அவரும் தம்பியும் திருத்தணி போனாங்க. அன்னிக்கு நல்ல நாளு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வச்ச தண்ணியை எடுத்து, அம்மை இறங்கினவங்களுக்கு ஊத்தற மாதிரி முறைப்படி தொட்டிக்குத் தலைத்தண்ணி ஊத்தினேன். டப்புல இருந்த மீனை எல்லாம் ஒண்ணொண்ணா பிடிச்சு இங்க கொண்டாந்து விட்டேன். அதுங்க ஓடின ஓட்டத்தைப் பாக்கணும், சொந்த வீட்டுக்கு வந்த சந்தோஷம். அவரு மொட்டைத் தலையோட வந்து நிக்கறாரு, கையில பஞ்சாமிர்தம். தொட்டியைப் பாக்கறாரு. தண்ணி மஞ்சளா இருக்கு. திட்டலை. அப்படியே உக்காந்துட்டாரு தரையில.

மறுபடி வந்துது. முன்னைவிட நாலு பங்கு. நீலம் முதல்ல போச்சு, அப்புறம் மஞ்சள் ரெண்டும், அப்புறம் அந்தக் கறுப்பு. காலையில எழுந்து வந்தா ஒண்ணு மிதக்கும். க்ளௌன் ஜோடியை மட்டும் அவரு மறுபடி டப்புல போட்டு மல்லுக்கட்டினாரு. எனக்குத் துக்கம் இல்லைன்னு நெனக்காத. அந்த நீலத்தை எடுத்து செம்பருத்திக்கு அடியில நான்தான் புதைச்சேன். அழுதேன். என் கையால வாங்கினதும்மா அது.

அந்த நேரம் பாத்து வரா மங்கை. கையில ரெண்டு இளநி. வேப்பிலையைப் பாத்துட்டு வெளியவே நின்னா. "அம்மைன்னு சொன்னீங்களாமே, மாமா சொன்னாரு. குளிர்ச்சியா இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்தேங்க்கா"ங்கறா. கிண்டல் பாத்தியா? மீனுக்கு இளநி. வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாத மாதிரி மூஞ்சி.

"வாசல்லயே நில்லு, உள்ள வராத"ன்னேன். "சரிக்கா, இங்கயே நிக்கறேன்"னா. நிக்கறவ சும்மா நிக்கணும்ல? என் தோளுக்கு மேல எட்டி தொட்டியைப் பாக்கறா. "ஐயோ, ஒண்ணுமே இல்லையேக்கா"ங்கறா. எனக்கு எங்கிருந்துதான் வந்துதோ. "ஏன், இன்னும் பாக்கணுமா? பாத்துப் பாத்துத்தானே எல்லாத்தையும் கொன்ன? பெத்து வளர்த்தவளுக்குத்தான் தெரியும் ஒரு உயிரை எப்படிப் பாக்கணும்னு. காஞ்ச வயிறு உனக்கு என்ன தெரியும்? உன் கண்ணுதான்டி இது"ன்னேன்.

நீ ஏன்மா நெளியற? உண்மையைத்தானே சொன்னேன்? மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேச எனக்குத் தெரியாது.

அவ இளநி ரெண்டையும் படியில வச்சா. ஒண்ணு உருண்டு கீழ போச்சு, அதைக் குனிஞ்சு எடுத்து மறுபடி நிமித்தி வச்சுட்டுப் போனா. சண்டை போட்டிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். அழுத்தக்காரி, இறங்கிப் போயிட்டா. திரும்பிப் பாக்கறேன், இவரு வராண்டா கதவுக்கிட்ட நிக்கறாரு, கையில டப்புத் தண்ணி சொட்டுது. எல்லாம் கேட்டுட்டாரு. கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொன்னேன்.

அன்னிக்கு அவரு சாப்பிடல. மறுநாள் காலையில மூடி போட்ட வாளியில அந்த ஜோடியை எடுத்துக்கிட்டு, மருந்தையும் அந்தக் குழாயையும் ஒரு பையில போட்டுக்கிட்டு, ஆட்டோ கூப்பிட்டாரு. "எங்க?"ன்னேன். "சிகாமணி வீட்டுக்கு. இதுங்களை அங்க வச்சுப் பாத்துக்கறேன். தினம் தண்ணி மாத்தணும், பக்கத்துல ஆள் இருக்கணும்"னாரு. "அப்ப நான்?"னேன். வாசல்ல நின்னு என்னைப் பாத்தாரும்மா. அவரு அப்படி நேரா பாத்துப் பேசி ரொம்ப வருஷம் ஆச்சு.

"தமயந்தி, தொட்டியைக் காலியா விடு. மோட்டார் ஓடட்டும், விளக்கு எரியட்டும், மீனு மட்டும் விடாத. ஏறி உக்கார ஒரு உடம்பு இல்லைன்னா அந்தப் பூச்சி பட்டினி கிடந்து தானாச் செத்துடும். ரெண்டரை மாசம் போதும். யாரையும் திட்ட வேணாம், எதையும் சுத்திப் போட வேணாம், சும்மா விட்டாப் போதும். சுத்தமானதும் நான் மீனை எடுத்துக்கிட்டு வந்துடறேன்"னாரு. சத்தியமா அவரு சொன்ன வார்த்தை இது. சுத்தமானதும் வரேன்னாரு. நான் என்னமோ அழுக்கா வச்சிருக்கற மாதிரி. தினம் ரெண்டு வேளை துடைக்கறேன் இந்த வீட்டை.

இரும்மா, காபி கொண்டாரேன். சர்க்கரை போடலாமில்ல?

இந்தா. ஆறிடும், குடி.

காலியா விடுன்னு சொல்றது சுலபம். கொலுவுக்குப் பொம்பளைங்க வராங்க. தாம்பூலம் வாங்க வந்தவங்க பொம்மையைப் பாக்கல, தொட்டியைப் பாக்கறாங்க. விளக்கு எரியுது, தண்ணி ஓடுது, உள்ள ஈ காக்கா இல்ல. "என்னங்க, மீனெல்லாம் எங்க?"ங்கறா ஒருத்தி. "வீட்டுக்காரர் எங்க, காணோமே?"ங்கறா இன்னொருத்தி. ரெண்டுக்கும் என்ன பதில் சொல்ல? காலித் தொட்டி இருக்கற வீடு விளங்குமா? மறுநாளே கொளத்தூர் போய் ரெண்டு மீனு வாங்கியாந்து விட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு வந்தாரு. மாத்துத்துணி எடுக்க வந்தாருன்னு நெனக்காத, என்னைப் பாக்கத்தான் வந்தாரு. கையில மல்லிப்பூ இருந்துது. உள்ள வந்தவரு தொட்டியைப் பாத்தாரு. "எப்ப விட்ட?"ன்னாரு. "நாலு நாள் ஆச்சு"ன்னேன். "இனிமே முதல்லருந்து ஆரம்பிக்கணும்"னு சொல்லிட்டு பூவை ஸ்டாண்டு மேல வச்சுட்டுப் போயிட்டாரு. காபி போட்டுட்டு வந்து பாக்கறேன், ஆள் இல்ல.

அதுங்களும் புள்ளி போட்டுச் செத்துச்சு. அவதான் அகரத்துல உக்காந்துக்கிட்டு என்னமோ பண்றா. தீபாவளிக்கு மறுபடி விட்டேன். பின்ன, நல்ல நாள்ல அவரு வரப்ப மொட்டைத் தொட்டியையா காட்டறது? நிறைஞ்ச வீடா இருக்கட்டும்னுதானே? வாசல் வரைக்கும் வந்தாரு, எட்டிப் பாத்தாரு, "மறுபடியும் முதல்லருந்தா"ன்னாரு, திரும்பிட்டாரு. வேட்டி சட்டை எடுத்து வச்சிருந்தேன் அவருக்கு. இன்னும் பீரோவுலதான் இருக்கு.

பொங்கலுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினாரு போன்ல. என்னமோ கல்லு மேல ஆரஞ்சுக் கலர்ல பாசிமணி கொட்டின மாதிரி. என்னன்னு கேட்டா முட்டையாம். அந்த ஜோடி முட்டை போட்டிருக்காம் அங்க. அவ வீட்டுல! ஆம்பளை மீனுதான் ராப்பகலா பக்கத்துலயே நின்னு துடுப்பை விசிறி விசிறி முட்டையைக் காக்குதாம். "மங்கை பக்கத்துல போனாக்கூட அது மிரள்றதில்ல"ன்னு எழுதியிருக்காரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. எங்க வீட்டு மீனும்மா அது. நான் பாத்து வளர்த்தது. இங்க இருந்திருந்தா இங்க போட்டிருக்கும் முட்டை. ஒரு புள்ளையைப் பெத்து எடுக்க முடியாதவ வீட்டுல போய் அதுங்க குடும்பம் நடத்துதுங்க, இவரு அதை உக்காந்து வேடிக்கை பாக்கறாரு. நான் இந்த ஹால்ல தனியா உக்காந்து தாளிக்காத ரசத்தைக் குடிக்கறேன். ஆமாம், இன்னும் தாளிக்கல. வேப்பிலை இருக்கற வரைக்கும் தாளிக்கக்கூடாது.

அதான் முடிவு பண்ணிட்டேன். தொட்டியே இல்லைன்னா? காலியாகட்டும், சுத்தமாகட்டும்னு சொல்றதுக்கு ஒரு சாக்கே இல்லையே அவருக்கு. இந்த மூலையைத் துடைச்சுக் கோலம் போட்டு வச்சுட்டு, வாங்க வீட்டுக்குன்னு கூப்பிட்டா வந்துதானே ஆகணும்? எனக்கு அவரு வரணும்மா. வேற ஒண்ணும் வேணாம். ஆள் இல்லாத வீட்டுல மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.

நீ நாலாவது ஆளு. முன்ன வந்தவங்க எல்லாம் காபியைக் குடிச்சிட்டு, போன் பண்றேங்கன்னு போனாங்க. ஒருத்தரும் பண்ணல. நீ பாத்தா நல்ல பொண்ணா இருக்க. நான் பேசப் பேச எவ்வளவு பொறுமையா கேக்கற. உள்ள இருக்கற மீனையும் எடுத்துக்கோ, சும்மாவே தரேன். பாக்கலையா? அந்தக் கல்லு சந்துல இருக்கு பாரு, மஞ்சள். போன வாரம் விட்டேன். வாங்க வரவங்களுக்குத் தொட்டியில ஒரு மீனாவது நீந்தினாத்தானே பாக்க லட்சணமா இருக்கும்?

என்ன காட்டற? எங்க? வாலுலயா?

இரு, மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கறேன்.

தூசிம்மா அது. தண்ணியில மிதக்கற தூசி. இல்ல, விளக்கு வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுது. நேத்து சாயங்காலம் பாத்தேன், கண்ணாடி மாதிரி இருந்துது உடம்பு. செதில்லயும் இருக்குங்கறியா? இல்ல. எனக்குத் தெரியல.

இரு, போன். அவருதான். ஞாயித்துக்கிழமை ஆனா இந்த நேரத்துக்குப் பண்ணுவாரு. நீ பேசாத, என்ன? மூச்சு விடாத.

ஹலோ. ம், சொல்லுங்க. ஆச்சு, சாப்பிட்டாச்சு. யாரும் இல்லைங்க, டிவி ஓடுது. இல்லைங்க. நான் ஏன் விடப் போறேன்? காலியாத்தான் இருக்கு. பொங்கலுக்கு முன்னாடியிலருந்தே காலிதான். நீங்க சொன்ன மாதிரி மோட்டார் மட்டும் ஓடுது. சத்தியமா. பொண்ணு மேல சத்தியம். அப்படியா? அடுத்த வாரமா? ரெண்டையும் எடுத்துக்கிட்டேவா? வாங்க. வாங்க, நான் இங்கதானே இருக்கேன். சரி. சரிங்க. வச்சிடறேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வராராம். மீனை எடுத்துக்கிட்டு வராராம்.

என்னைப் பாக்காத அப்படி. அதையும் பாக்காத. வந்ததுலருந்து அந்த மீனையேதான் பாத்துட்டிருக்க நீ, நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். நேத்து வரைக்கும் அது மேல ஒரு பொட்டுப் புள்ளி இல்ல. நீ வந்து உக்காந்த, புள்ளி வந்திருக்கு. ஏம்மா, கல்யாணம் ஆயிடுச்சுல்ல உனக்கு, மெட்டி போட்டிருக்க? எத்தனை வருஷம் ஆச்சு? குழந்தை?

ஓ.

அதான்.

எழுந்திரு. காபி குடிச்சது போதும், டம்ளரை அங்கயே வை. அவருக்குத் தெரியறதுக்குள்ள நான் இந்த அம்மையை இறக்கியாகணும், ஒரு வாரம்தான் இருக்கு. வாசல்ல நின்னு மூணு தடவை தூ தூ தூன்னு துப்பிட்டுப் போ. திரும்பிப் பாக்காத. கதவை நல்லா இழுத்துச் சாத்து. புது வேப்பிலை கட்டணும் நான். மூணாம் தண்ணி ஊத்தற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள இனிமே யாரும் வரக்கூடாது. யாருமே.